அமுக்கிய தூளும் உருட்டிய தூளும்

மதுரை ஆனையூரில் எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. கீழே கூடத்தில் ஒரு டேபிள் ஃபேன். அதன் தண்டைத் தாங்குவது கடலை அளவு புஷ். இரண்டும் தூளில் பிறந்தவைதான். ஆனால் பிறந்த விதம் நேரெதிர்.

புஷ்ஷுக்கு, செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ 90-க்கு 10 என்று கலந்த தூளை அச்சில் கொட்டி, டன் கணக்கில் அமுக்குகிறார்கள். அப்போது கையால் ஒடித்தால் ஒடிந்துவிடும். திருவிளையாடல் கதையில் வரும் வந்தியின் பிட்டு மாதிரி உதிரவும் உதிரும். உலைக்குப் போனால்தான் ஒட்டும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலையோ 800-ஐ ஒட்டியே நிற்கும். வெள்ளீயம் மட்டும் இளகிச் செம்புக்குள் கரைய, துகள்கள் தொட்ட இடத்தில் பிணைகின்றன. புட்டு வேகிற கதைதான்: மாவு கரைவதில்லை, ஆனால் சேர்ந்துவிடுகிறது. இடையில் மிஞ்சும் நுண்துளைகளைக் குறை என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் குடியிருப்பது அங்கேதான். தண்டு சுழன்று சூடேறினால் கசியும். ஆறினால் உள்ளே போய்விடும்.

தொட்டிக்கு அமுக்கலே கிடையாது. பொடியுப்புப் பதத்தில் அரைத்த பாலிஎத்திலீனை எடைபோட்டு அச்சுக்குள் கொட்டி, அச்சையே இரண்டு திசைகளில் உருட்டியபடி அடுப்பில் காட்டுகிறார்கள். 130 டிகிரிக்குள் உருகுகிற சரக்கு. சுவரில் படலம் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்வரை உருட்டல் நிற்காது. தொட்டிச் சுவரின் தடிமனைத் தீர்மானிப்பது கொட்டிய தூளின் எடை. கறுப்பு நிறம் கரியால். மதுரை வெயிலுக்கு அது இல்லாவிட்டால் கஷ்டம்.

இரும்பை இப்படி உருட்டலாமா? 1,538 டிகிரியில் அச்சே உருகிவிடும். பிளாஸ்டிக்கிலும் டெஃப்லான் அடம்பிடிக்கும்: உருகினாலும் ஓடாது. அதனால் உலோகத்தைப் போலவே அமுக்கிச் சுடுகிறார்கள்.

மதுரையில் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் கிளையான சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், ஓசூரில் வாகன உதிரி பாகங்களை அமுக்கிச் சுட்டுத் தயாரிக்கிறது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் போனது வேறு வழி. 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவிய ராக்கெட்டின் எஞ்சின், இன்கோனெல் என்ற உலோகக்கலவையின் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிய ஒரே துண்டு. அமுக்கலும் இல்லை, அச்சும் இல்லை. அமுக்காமல் உருக்குவதால், ஒருவகையில் உலோகமும் தொட்டியின் வழிக்கு வந்துவிட்டது.

அதற்காக டேபிள் ஃபேன் புஷ்ஷையும் லேசரில் அச்சிட்டால், ஃபேனைவிடப் புஷ் விலை கூடிவிடும்.