பிரெடிகார் என் எல் தெசியெர்தோ

பிரெடிகார் என் எல் தெசியெர்தோ என்பது கேட்க மனமில்லாதவர்களிடம் பேசி வீணாவதைக் குறிக்கும் எசுப்பானிய மரபுத்தொடர் ஆகும். 'பாலைவனத்தில் பிரசங்கித்தல்' என்பது நேர்ப்பொருள். விவிலியத்தில் திருமுழுக்கு யோவானைச் சுட்டும் பாலைநிலக் குரலே இதன் மூலம். ஆங்கிலத்தில் 'எ வாய்ஸ் இன் த வில்டர்னஸ்' அதே மூலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது தனித்து நின்று எச்சரிப்பவரையே முன்னிறுத்துகிறது, பேச்சு வீணானது மங்கிவிடுகிறது. அன்றாட உரையாடலுக்கு 'டாக்கிங் டு எ பிரிக் வால்' பொருந்தும். 'பிரீச்சிங் டு த கொயர்' என்று பெயர்த்தால் பொருளே தலைகீழாகும். அது ஏற்கெனவே உடன்பட்டவர்களுக்குப் போதிப்பது.

'போதிப்பது ஒன்று, கோதுமை கொடுப்பது வேறு' என்ற எசுப்பானியப் பழமொழியும் உண்டு. அந்தக் கோதுமையை ஆங்கிலத்தில் காப்பாற்ற வழியில்லை. 'டாக் இஸ் சீப்' ஓரளவு நெருங்கிவரும்.