கைமுறை கியர் பெட்டியின் எண்ணெய் மட்டம்

ஓட்டுநர் கிளட்சை மிதித்து, கியர் லீவரைக் கையால் நகர்த்திப் பற்சக்கரங்களை மாற்றும் அமைப்பு கைமுறை கியர் பெட்டி எனப்படுகிறது. இதனுள் இருக்கும் எண்ணெய் உரிய மட்டத்தில் உள்ளதா என்று பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புவதும் கூடியிருந்தால் வடிப்பதும் காரின் வழக்கமான பராமரிப்பில் அடங்கும். ஆனாலும் அடிக்கடி விடுபட்டுப்போகும் வேலை இதுதான். இன்ஜின் எண்ணெய்க்கு அளவுகம்பி உண்டு. அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கும் எரியும். பெரும்பாலான கைமுறை கியர் பெட்டிகளுக்கு இவை இரண்டும் கிடையாது. காருக்கு அடியில் போய் ஒரு மூடியைக் கழற்றினால்தான் மட்டம் தெரியும். அதனால் எண்ணெய் குறைந்த செய்தி பலருக்கு, பெட்டி இரையத் தொடங்கிய பிறகே எட்டுகிறது.

எண்ணெய் செய்யும் வேலை

இன்ஜினில் எண்ணெயை ஒரு பம்பு எல்லா இடங்களுக்கும் தள்ளுகிறது. சாதாரணக் கார்களின் கியர் பெட்டியில் பெரும்பாலும் அப்படிப் பம்பு இல்லை. கீழே உள்ள பற்சக்கரங்கள் எண்ணெயில் பாதி முழுகியபடி சுழல்கின்றன. சுழலும்போது எண்ணெயை வாரி மேலே இறைக்கின்றன. இறைபட்ட எண்ணெய் பெட்டியின் சுவரில் வழிந்து, சிறு வாய்க்கால்கள் வழியாகப் பேரிங்குகளையும் மேல் தண்டையும் அடைகிறது. மட்டம் இறங்கினால் இந்த இறைப்பு குறையும். முன்சக்கர இழுப்புள்ள பல கார்களில் ஐந்தாம் கியர் பெட்டியின் கடைசி ஓரத்தில் தனியே அமைந்திருக்கும். எண்ணெய் குறையும்போது அந்தக் கியர் முதலில் பாதிக்கப்படுவது உண்டு. நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால் உடனே மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கியர் விழக் கடினமாக இருப்பதற்கெல்லாம் எண்ணெய்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கிளட்ச் முழுமையாக விடுபடாவிட்டாலும் அதே கடினம் வரும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் கியர் இறுகி இருப்பது, எண்ணெய் கெட்டியாக இருப்பதால் வரும் இயல்பான நிலை.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். இன்ஜின் ஓட ஓட எண்ணெயில் சிறிது எரிந்து குறையும். கியர் பெட்டியில் நெருப்பும் இல்லை, எரிதலும் இல்லை. அங்கே எண்ணெய் குறைந்திருந்தால் அது எங்கோ ஓர் இடத்தில் வெளியேறியிருக்கிறது என்றே பொருள்.

மட்டத்தைக் காட்டும் துளை

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும். பணிமனைகளில் இதை ஃபில்லர் பிளக் என்பார்கள். எண்ணெய் ஊற்றுவதும் மட்டம் பார்ப்பதும் இந்த ஒரே துளை வழியாகத்தான். விலாவில் ஓட்டை விழுந்த குடத்தில் அந்த ஓட்டை வரைதான் தண்ணீர் நிற்கும். அதுபோலத் துளையின் கீழ் விளிம்பே பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரியான மட்டம். சில கார்களில் மட்டம் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். வேறு சிலவற்றில் மட்டத் துளையே இல்லாமல், முழுவதும் வடித்து அளந்துதான் ஊற்ற வேண்டும். எனவே அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

1959இல் வெளிவந்த மினி கார் இதற்கு ஒரு விதிவிலக்கு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் காரில் கியர் பெட்டி இன்ஜினுக்கு அடியிலேயே இருந்தது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். இன்ஜினின் அளவுகம்பியைப் பார்த்தாலே போதும்.

குடத்தைச் சாய்த்தால் மட்டம் மாறிவிடும். காரும் அப்படியே. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக் வைத்துத் தூக்கிப் பார்த்தால் மட்டம் பொய் சொல்லும். துளை இருக்கும் பக்கம் உயர்ந்திருந்தால், சரியான அளவுள்ள பெட்டியும் குறைந்ததாகத் தோன்றும். அதை நம்பி ஊற்றினால் எண்ணெய் மிகுந்துவிடும். பக்கத்துளை இருந்தும் பெட்டியில் எண்ணெய் அளவுக்கு மீறுவது பெரும்பாலும் இப்படித்தான். கார் நான்கு சக்கரமும் சமமாக இருக்கும்படி குழி மேலோ லிஃப்டிலோ நான்கு ஸ்டாண்டுகளிலோ நிற்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து. ஜாக் தூக்குவதற்குத்தான், தாங்கி நிற்பதற்கு ஸ்டாண்டு வேண்டும்.

பார்க்கும் முறை

கையேடு வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சிறிது தூரம் ஓட்டிய காரை நிறுத்திச் சில நிமிடங்கள் விட வேண்டும். பற்சக்கரங்களில் ஒட்டிய எண்ணெய் அதற்குள் அடியில் வந்து சேரும். சைலன்சர் குழாய் கடும் சூட்டில் இருக்கும். கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் முதலில் துடைக்காவிட்டால், திறந்ததும் மண் உள்ளே விழும்.

மூடி கழன்றதும் சில சொட்டுகள் வழிந்தால் மட்டம் சரி. ஒன்றும் வழியாவிட்டால் விரலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி வளைத்துப் பார்க்கலாம். விளிம்பை ஒட்டி நுனி நனைய வேண்டும். விரலுக்கு எட்டாவிட்டால் வளைத்த கம்பியை விட்டு எடுத்தால் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும்.

எண்ணெயை முழுவதும் மாற்றுபவர்கள் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. அடியில் உள்ள வடிப்பு மூடியைத் தொடும் முன், மேலே உள்ள நிரப்பு மூடி கழல்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் திறக்காத மூடி துருவேறி இறுகியிருக்கலாம். ஸ்பானர் வழுக்கி அதன் முனைகள் மழுங்கலாம். பழைய எண்ணெயை வடித்த பிறகு இது தெரிந்தால், எண்ணெயே இல்லாத கார் நகர முடியாமல் நிற்கும்.

பெட்டி பெரும்பாலும் அலுமினியம். மூடியை மிகையாக முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்குப் பூட்டி, புதிய வாஷரும் போட வேண்டும்.

நிரப்புதல்

துளைக்கு மேலே புட்டியைக் கவிழ்க்க இடம் இருக்காது. பெரிய சிரிஞ்சு கொண்டோ, மேலிருந்து நீண்ட குழாயும் புனலும் வைத்தோ ஊற்றுவார்கள். கியர் எண்ணெய் மெதுவாக ஓடுவது. வேகமாக ஊற்றினால் உள்ளே பரவும் முன் துளையில் வழிந்து, நிறைந்துவிட்டது போல் ஏமாற்றும். சிறிது சிறிதாக ஊற்றி, இடையில் காத்திருந்து, மீண்டும் ஊற்ற வேண்டும். வழிவது சொட்டாகக் குறைந்ததும் மூடலாம். சிறிய கார்களின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 2 லிட்டர்தான். எனவே கால் லிட்டர் குறைவுகூட அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. மிகுதியும் கேடுதான்: எண்ணெய் நுரைத்துச் சூடேறும், ஆயில் சீல்கள் வழியே கசியும்.

பானட்டைத் திறந்தால் தெரியும் சிறு கிளட்ச் திரவக் குப்பியைக் கியர் எண்ணெய்க் குப்பி என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது பிரேக் திரவம். அதில் கியர் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெடும்.

எந்த எண்ணெய்

75டபிள்யூ-90 என்ற எண்ணைப் பார்த்து இது இன்ஜின் எண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி என்று எண்ண வேண்டாம். கியர் எண்ணெய்க்கு எண் வரிசை வேறு. சூடான நிலையில் அது 40 அல்லது 50 எண்ணுள்ள இன்ஜின் எண்ணெயை ஒத்ததே. அதைவிட முக்கியம் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தரக்குறி. பெரிய எண் உயர்ந்தது என்று நினைத்து ஜிஎல்-5 வாங்குவது பொதுவான தவறு. அது முதன்மையாகப் பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கானது. அதன் கூடுதல் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தாக்கக்கூடும். தவிர, அந்த வளையங்கள் உராய்வால்தான் வேலை செய்கின்றன; தேவைக்கு மேல் வழுக்கினால் கியர் உரசும். சில கார்களுக்கு இன்ஜின் எண்ணெயோ தானியங்கி கியர் திரவமோகூடச் சொல்லப்பட்டுள்ளது. கடைக்காரர் சொல்வதைவிடக் கையேடு சொல்வதே சரி.

குறைவும் கூடுதலும் சொல்வது

மட்டம் குறைந்திருந்தால் நிரப்பியதோடு வேலை முடியவில்லை. சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் சீல், கியர் மாற்றும் தண்டின் சீல், மூடிகளின் வாஷர் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் பக்கத் தண்டின் சீல் போனால் எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்து கிளட்ச் வழுக்கும். கசிவது எந்த எண்ணெய் என்று ஐயம் வந்தால் முகர்ந்து பார்க்கலாம். கியர் எண்ணெய்க்குக் கந்தக நாற்றம் உண்டு. பெட்டியின் மேலுள்ள காற்றுத்துளை சேற்றால் அடைபட்டாலும் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலும் கசியும்.

யாரும் ஊற்றாமலே மட்டம் கூடியிருந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கி நின்ற காரின் கியர் பெட்டிக்குள், அதே காற்றுத்துளை வழியாக நீர் புகலாம். தண்ணீர் கனமானது, அடியில் தங்கி எண்ணெயை மேலே தூக்கும். அந்தக் காரை ஓட்டினால் இரண்டும் கலந்து மோர் போல வெளுக்கும். அத்தகைய காரில் மூடியைத் திறந்து விரல் நனைகிறதா என்று மட்டும் பார்த்தால், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அடிமூடியைத் திறந்து முழுவதும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றிய பிறகே அதை ஓட்ட வேண்டும்.