ஐந்தில் ஒருவரின் வாக்கு

1981ஆம் ஆண்டு நியூசிலாந்துத் தேர்தலில் வாக்களித்தவர்களில் ஐந்தில் ஒருவர் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சியை ஆதரித்தார். அது பெற்ற வாக்கு 20.7 சதவீதம். 92 இடங்கள் கொண்ட பாராளுமன்றத்தில் கிடைத்தது இரண்டே இரண்டு இடம். 39 சதவீதம் பெற்ற தொழிற்கட்சி எதிர்க்கட்சியானது. அதைவிடச் சற்றுக் குறைவாகப் பெற்ற தேசியக் கட்சியோ 47 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. 1978இலும் இதேதான் நடந்தது. இரண்டு முறையும் பிரதமர் ராபர்ட் மல்டூன்.

தொகுதிக்கு ஒருவர், கூடுதல் வாக்கு எடுத்தவருக்கு வெற்றி. பிரிட்டனிடமிருந்து வந்த முறை இது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இதன் வலிமை சிறு வயதிலேயே தெரியும். 1977இல் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்று, 168 இடங்களில் 140ஐ எடுத்தது. சுமார் 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டு இடம். அந்தப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டே நாட்டின் அரசியலமைப்பையே மாற்றினார்கள். அதனால்தான் பல கட்சி ஆட்சி நல்லதா என்று யாராவது கேட்டால், வாக்கை எப்படி இடமாக மாற்றுகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். மூன்றாவது கட்சிக்குப் போடும் வாக்கு வீணாகும் என்று தெரிந்தால், அந்தக் கட்சி பிடித்திருந்தாலும் மக்கள் அதற்குப் போட மாட்டார்கள். இரு கட்சி அரசியல் அப்படித்தான் வேரூன்றுகிறது.

நியூசிலாந்தில் பிரதமரைத் தடுக்க மேலவையும் கிடையாது; 1950இலேயே அதை ஒழித்துவிட்டார்கள். 1984இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, தன் ஆதரவாளர்களே திகைக்கும்படி சந்தையைத் திறந்துவிட்டது. கோபத்தில் மக்கள் 1990இல் தேசியக் கட்சியைக் கொண்டுவந்தார்கள். 1991இல் நிதியமைச்சர் ரூத் ரிச்சர்ட்சன் உதவித்தொகைகளை வெட்டினார். இரு கட்சிகளும் ஒரே திசையில் போனால் வாக்காளர் எங்கே போவார்? 1986இல் ஓர் அரச ஆணைக்குழு சொல்லிவைத்த புதிய தேர்தல் முறையைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1993 சர்வசன வாக்கெடுப்பில் 53.9 சதவீதம் பேர் பழைய முறையைக் கைவிட்டார்கள்.

புதிய முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. ஆக்லாந்துக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் என்னிடம், “அக்கா, ரெண்டு வோட்டும் ஒரே கட்சிக்குத்தான் போட வேணுமோ?” என்று கேட்பார்கள். “தேவையில்லை, ஆனா கட்சி வோட்டைக் கவனமாப் போடுங்கோ, அதுதான் பெரிசு” என்பேன். ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதைக் கட்சி வாக்கே தீர்மானிக்கிறது. தொகுதிகளில் வென்றது போக மீதியைக் கட்சியின் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். இந்தப் பட்டியல்கள் பெண்களுக்கும் வழிவிட்டன. 1993இல் 99 உறுப்பினர்களில் 21 பேர் பெண்கள். புதிய முறையின் முதல் தேர்தலான 1996இல் 120 பேரில் 35. சென்னையில் பிறந்த பிரியங்கா ராதாகிருஷ்ணன் 2017இல் பாராளுமன்றத்துக்குள் வந்ததும் பட்டியல் வழியாகத்தான்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1996இல் 17 இடம் பெற்ற கட்சியின் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் எந்தப் பக்கம் சாய்வார் என்று நாடே இரண்டு மாதம் காத்திருந்தது. அமைந்த கூட்டணியும் 1998இல் உடைந்தது. 2017இல் அவரது கட்சிக்கு 7.2 சதவீதம்தான். ஆனால் 56 இடம் பெற்ற தேசியக் கட்சியை விட்டுவிட்டு, 46 இடம் பெற்ற தொழிற்கட்சியின் ஜெசிண்டா ஆர்டெர்னைப் பிரதமராக்கியது அவர்தான். ஒற்றை மனிதர் கையில் இவ்வளவு பிடி இருப்பது எனக்கும் உறுத்துகிறது. என்றாலும் அன்று ஆட்சியைத் தாங்கிய மூன்று கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதியைத் தாண்டும். மல்டூனுக்கு அது ஒருமுறைகூட வாய்க்கவில்லை. இன்றும் பிரதமர் பதவி அந்த இரு பெரிய கட்சிகளிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டத்தை நிறைவேற்றப் பெரும்பாலும் இன்னொரு கட்சியின் சம்மதம் தேவைப்படுகிறது. அதனால் வரும் தாமதத்தை நான் மனமார வரவேற்கிறேன். 2011இல் மறுபடி கேட்டபோதும் 57.8 சதவீதம் பேர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள்.

என்னால் ஏற்க முடியாதது ஒன்றே ஒன்று. ஒரு கட்சி உள்ளே வர 5 சதவீதக் கட்சி வாக்கு வேண்டும், அல்லது ஒரு தொகுதியையாவது வெல்ல வேண்டும். 2008இல் பீட்டர்ஸின் கட்சி 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. அதைவிடக் குறைவாக வாங்கிய ஆக்ட் கட்சி, எப்சம் தொகுதியை வென்றதால் ஐந்து இடம் பெற்றது. எனக்குப் பீட்டர்ஸின் குடிவரவுக் கொள்கை துளியும் பிடிக்காது. ஆனாலும் அவருக்குப் போட்டவர்களும் வாக்காளர்கள்தானே! வரம்பை 4 ஆகக் குறைத்து, அந்த ஒற்றைத் தொகுதிச் சலுகையையும் நீக்கும்படி 2012இல் தேர்தல் ஆணையமே பரிந்துரைத்தது. அரசு அதை நிறைவேற்றவில்லை. இப்போதாவது நிறைவேற்ற வேண்டும்.