லட்ச ரூபாய் ஹெட்போனும் இரண்டாயிரம் ரூபாய் ஃபேனும்: ஓப்பன்-பேக்கா, குளோஸ்டு-பேக்கா?

டிடிகே சாலையில் இருக்கும் மியூசிக் அகாடமியை மயிலாப்பூர் என்று சொல்பவர்கள் உண்டு, ஆழ்வார்பேட்டை என்று சொல்பவர்களும் உண்டு. தபால் முகவரி என்னவோ ராயப்பேட்டை, சென்னை-14 தான். டிசம்பர் சீசனில் அந்த அரங்கத்துக்குள் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கமாகியிருக்கும். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் அந்த ஒரு நொடியில், தம்புராவின் ரீங்காரம் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். அடுத்த ஸ்வரம் அதன் மேல்தான் வந்து உட்காரும்.

அதே கச்சேரியின் பதிவை, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, லாயிட்ஸ் ரோடு பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டில் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனஸ் பணத்தில் ஆசையாக வாங்கிய விலையுயர்ந்த ஓப்பன்-பேக் ஹெட்போன். பாடகர் மூச்சு வாங்குகிறார். தம்புரா கேட்கிறதா? இல்லை. கேட்பது சீலிங் ஃபேன். நடுவில் கீழே ஒரு ஆட்டோவின் ஹாரன்.

"ஹை-எண்டு என்றால் ஓப்பன்-பேக்தான்" என்ற பேச்சை நம்பி வாங்கிவிட்டு, "இதுக்கா இவ்ளோ காசு?" என்று நொந்துபோகும் இடம் இதுதான். குறை ஹெட்போனில் இல்லை. ஃபேன், ஜன்னல், ரூம்மேட் எல்லாம் சேர்ந்துதான் இந்த முடிவை எடுக்கின்றன.

மூடிக்குள் என்ன நடக்கிறது?

ஹெட்போனின் உள்ளே இருக்கும் டிரைவரில் ஒரு மெல்லிய படலம் முன்னும் பின்னும் அதிர்கிறது. அது முன்பக்கம் காதை நோக்கி எவ்வளவு ஒலியை அனுப்புகிறதோ, ஏறக்குறைய அதே அளவு ஒலியைப் பின்பக்கமும் அனுப்பும். அந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது? இரண்டு வகை ஹெட்போன்களும் பிரிவது இந்தக் கேள்வியில்தான்.

ஓப்பன்-பேக்கில் வெளிப்பக்கம் மூடி கிடையாது. வலை அல்லது கிரில்தான் இருக்கும். பின்பக்க ஒலி அப்படியே அறைக்குள் போய்விடும். குளோஸ்டு-பேக்கில் கிண்ணம் போன்ற மூடி இருக்கும். ஒலி அதில் மோதித் திரும்பி வரும். படலம் மிக மெல்லியது என்பதால், திரும்பி வந்த ஒலி அதைத் துளைத்துக்கொண்டு சற்றுத் தாமதமாகக் காதுக்கும் வந்து சேரும். சில அலைவரிசைகள் வீங்கும், சில அமுங்கும். ஒரு சின்ன பாத்ரூமுக்குள் பாடுவது போல என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் நடப்பது அந்த ரகம்தான்.

ஓப்பன்-பேக்கில் இசை "தலைக்கு வெளியே, விரிந்து" கேட்பதாகச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். மூடிய கிண்ணத்தின் எதிரொலி இல்லை, அறையின் இயல்பான சத்தமும் லேசாகக் கலந்து வருகிறது. அதனால் ஹெட்போன் மாட்டியிருப்பதே சில நேரம் மறந்துபோகும். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக நிற்பதும், வயலினுக்கும் குரலுக்கும் நடுவில் இடைவெளி தெரிவதும் இந்த வகையில் பொதுவாகச் சுலபம். "பொதுவாக" என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். பதிவே நெரிசலாக இருந்தால் எந்த ஹெட்போனும் அதை விரித்துக் காட்டாது.

மஞ்சள் பஞ்சிலிருந்து கண்ணாடி வரை

வீட்டில் ஸ்டீரியோ இசை கேட்பதற்கென்றே அமெரிக்காவின் ஜான் காஸ் 1958-ல் ஹெட்போனைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் ஹெட்போன் என்றால் காதை இறுக மூடும் கனமான பொருள்தான். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968-ல் ஹெச்டி 414 மாடலை வெளியிட்டபோது கதை மாறியது. முதல் ஓப்பன் ஹெட்போன் என்று சொல்லப்படுவது அதுதான். மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த, எடை குறைந்த அந்த ஹெட்போன் லட்சக்கணக்கில் விற்றது.

அதே நிறுவனத்தின் பிற்காலக் கதை இன்னும் சுவாரசியம். 2009-ல் வந்த ஹெச்டி 800, 2016-ல் வந்த ஹெச்டி 800 எஸ் இரண்டும் ஓப்பன்-பேக். அந்த ஒலியை மூடிய வடிவில் தர முடியுமா என்று முயன்று, 2018-ல் ஹெச்டி 820 வந்தது. பின்பக்கத்தில் உள்நோக்கி வளைந்த கொரில்லா கிளாஸ் கண்ணாடி. பின்னால் போகும் ஒலியை அது உறிஞ்சு அறைகளுக்குத் திருப்பிவிடும். படலத்துக்குத் திரும்பி வராது. அமெரிக்காவில் ஹெச்டி 800 எஸ்-இன் அறிமுக விலை சுமார் 1,700 டாலர், ஹெச்டி 820-இன் விலை சுமார் 2,400 டாலர்.

கதவைத் திறந்து விடுவதைவிட ஒழுங்காகச் சாத்துவதற்குத்தான் செலவு அதிகம். பட்ஜெட் குளோஸ்டு-பேக் பலவற்றில் பேஸ் மட்டும் தடதடவென்று வந்து குரல் பின்னால் போய்விடுவதன் காரணமும் இதுதான். அந்தக் கிண்ணத்தை அடக்கி ஆள்வதற்கு அந்த விலையில் இடமில்லை.

ஒரே குடும்பத்தில் திறந்ததும் மூடியதும் என ஜோடியாகக் கிடைக்கும் மாடல்கள் வேறும் உண்டு. ஆடேஸி நிறுவனத்தின் எல்சிடி-எக்ஸ் திறந்தது, எல்சிடி-எக்ஸ்சி மூடியது. பேயர்டைனமிக்கில் டிடி 990 திறந்தது, டிடி 770 மூடியது. சென்ஹைசரின் புகழ்பெற்ற 600 வரிசை பல ஆண்டுகள் ஓப்பன்-பேக்காகவே இருந்தது. 2024-ல் ஹெச்டி 620எஸ் என்ற குளோஸ்டு-பேக்கும் அதில் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இப்படிப்பட்ட ஜோடிகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வேறு வேறு கம்பெனிகளின் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால், தெரிவது மூடியின் வித்தியாசமா, கம்பெனியின் ரசனையா என்று சொல்லவே முடியாது.

ராயப்பேட்டை கணக்கு

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இந்த விதிகளில் இரவு என்பது 10 மணிக்குத் தொடங்குகிறது. ராயப்பேட்டை ஹை ரோட்டில் அந்த நேரத்தில் பஸ் ஏற நின்றவர்களுக்கு இந்த எண்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒயிட்ஸ் ரோட்டில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, சற்றுத் தள்ளி சத்யம் தியேட்டர், இரவுக் காட்சி முடிந்து கிளம்பும் வண்டிகள், மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி. இந்தப் பக்கத்தில் நிசப்தம் என்பது அதிகாலைச் சரக்கு.

ஜன்னலைச் சாத்தினால் தெருச் சத்தம் குறையும். ஆனால் சென்னையில் ஜன்னலைச் சாத்தினால் ஃபேனையாவது ஏசியையாவது போட்டாக வேண்டும். ஃபேன் வேகத்தைப் பொறுத்து அறைக்குள் 50 டெசிபலோ, அதற்கு மேலுமோ சத்தம் எழுப்பும்.

இப்போது லாயிட்ஸ் ரோடு நண்பரிடம் வருவோம். அவர் குரலை 75 டெசிபல் அளவில் வைத்துக் கேட்கிறார். அந்தப் பதிவில் தம்புரா குரலைவிட 30 டெசிபல் கீழே இருக்கிறது என்று கொள்வோம். தம்புரா 45. ஃபேன் 50. ஓப்பன்-பேக் வெளிச்சத்தத்தைத் தடுப்பதே இல்லை என்பதால் ஃபேன் ஜெயிக்கிறது. கை தானாக வால்யூமுக்குப் போகிறது. 10 டெசிபல் ஏற்றினால் தம்புரா 55-க்கு வந்துவிடும். அப்பாடா! ஆனால் குரலும் கூடவே 85-க்கு ஏறிவிட்டது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் தரநிலைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 85 டெசிபலில் வாரத்துக்குச் சுமார் 12.5 மணி நேரம். 90-ல் வெறும் 4 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே தினமும் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்பவர், ஃபேன் சத்தத்தைத் தாண்டுவதற்காக மட்டுமே வாரக் கணக்கை மீறிவிடுகிறார். இவ்வளவுக்கும் அவர் கேட்பது குத்துப்பாட்டுகூட இல்லை, கர்னாடக சங்கீதம்!

உள்காதில் சேதமடைந்த முடிச்செல்கள் மனிதர்களுக்கு மறுபடி வளர்வதில்லை. பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது உயர் அலைவரிசைகள். அதாவது எந்த நுணுக்கத்துக்காகக் காசு கொட்டினோமோ, அதே நுணுக்கம்.

இதே இடத்தில் ஒரு நல்ல குளோஸ்டு-பேக் வெளிச்சத்தத்தை 10 டெசிபல் குறைத்தாலும் போதும். ஃபேன் 40-க்கு இறங்கிவிடும். வால்யூமைத் தொடாமலே தம்புரா மேலே வந்துவிடும். சத்தமான அறையில், காகிதத்தில் "சுமார்" என்று எழுதப்பட்ட ஹெட்போன் நிஜத்தில் அதிக நுணுக்கம் காட்டுவது இப்படித்தான்.

ஒரு சிக்கல் உண்டு. மூடி தடுப்பது பெரும்பாலும் நடு, உயர் அலைவரிசைகளை. பஸ் இன்ஜினின் உறுமல், ஏசி கம்ப்ரஸரின் 'உம்ம்' போன்ற தாழ்ந்த ஒலிகள் உள்ளே வரும். அவற்றுக்கு ஏஎன்சி எனப்படும் சத்த நீக்க வசதி நன்றாக வேலை செய்யும். அது பெரும்பாலும் புளூடூத் குளோஸ்டு-பேக் மாடல்களில்தான் இருக்கிறது. தூய ஒலி ரசிகர்கள் ஏஎன்சி என்றாலே முகம் சுளிப்பார்கள். 29சி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்பவர் அந்த முகச்சுளிப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

"மச்சி, எனக்கும் கேக்குதுடா"

ஓப்பன்-பேக்கில் பின்பக்க ஒலி வெளியே போகிறது என்றால், பக்கத்தில் இருப்பவருக்கும் போகிறது என்று அர்த்தம். ரூம் ஷேர் செய்பவர்களுக்கும், ஓப்பன் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கும் கதை இங்கேயே முடிந்தது. பாதி ராத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு ஹை-ஹாட் சத்தம் தெளிவாகக் கேட்கும். பாடகர்கள் ரெக்கார்டிங்கில் குளோஸ்டு-பேக் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். ஓப்பன்-பேக் என்றால் டிராக்கின் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ஒரு காதை மட்டும் விலக்கி வைத்துக்கொண்டு பாடுவதையும் பார்த்திருப்பீர்கள். காது மூடியிருந்தால் சொந்தக் குரலே உள்ளுக்குள் முழங்கும், சுருதி பிடிபடாது. நாள் முழுக்க மீட்டிங்கில் பேசுபவர்களுக்கு ஓப்பன்-பேக் ஆறுதலாக இருப்பதன் ரகசியமும் இதுதான்.

வியர்வையை மறக்கக் கூடாது. குளோஸ்டு-பேக்கில் மே மாதம் அரை மணி நேரத்தில் காது வெந்துவிடும். செயற்கைத் தோல் பேட்கள் நம் ஊர் ஈரப்பதத்தில் கறுப்புச் செதில்களாக உதிர ஆரம்பிக்கும். பேட் கெட்டால் காதைச் சுற்றிய அடைப்பு போகும், அதோடு பேஸும் போகும். கண்ணாடி அணிபவர்களுக்கு அந்த அடைப்பு முதல் நாளே முழுமையாக இருக்காது. மாற்று பேட் கிடைக்கிறதா, என்ன விலை என்று வாங்கும் முன்பே விசாரிப்பது புத்திசாலித்தனம். ஓப்பன்-பேக்கில் காற்றோட்டம் இருக்கிறது. வெல்வெட் போன்ற துணி பேட்களும் பல மாடல்களில் உண்டு.

கேட்டுப் பார்க்கும்போது

ஆன்லைனில் விமர்சனம் படிப்பதைவிடக் கேட்டுப் பார்ப்பது மேல். 2011-ல் தொடங்கப்பட்ட ஹெட்போன் ஜோன் சென்னை நிறுவனம்தான் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம். ஆனால் டெமோ கேட்பதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, சத்தம். இரண்டு ஹெட்போன்களில் எது ஒன்றிரண்டு டெசிபல் அதிகமாக ஒலிக்கிறதோ, அதுவே "தெளிவு" என்று மூளை தீர்ப்பு சொல்லிவிடும். 300 ஓம்ஸ் ஹெட்போனையும் 32 ஓம்ஸ் ஹெட்போனையும் ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிக் கேட்டால், பெரும்பாலும் முதலாவது பாவமாகத் தோற்கும். இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 300 ஓம்ஸ் மாடல் வாங்குகிறவர் பட்ஜெட்டில் ஒரு சிறிய டாக்-ஆம்ப்புக்கும் இடம் விட்டுக்கொள்ளலாம். இப்போது நிறைய போன்களில் ஹெட்போன் ஓட்டையே கிடையாது.

இரண்டாவது, இடம். மாலின் இரைச்சலில் ஓப்பன்-பேக் தோற்றுப்போகும்; சத்தம் புகாத டெமோ அறையில் அதுவே மயக்கிவிடும். இரண்டும் உங்கள் அறை இல்லை.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அதே நேரம், அதே நாற்காலி, அதே வேகத்தில் ஃபேன். போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப். கச்சிதமான அளவு வராது, தோராயமாகத் தெரிந்தால் போதும். பத்து நிமிடம் பார்த்து 40-ஐ ஒட்டி நின்றால், தனி அறையும் இருந்தால், தயங்காமல் ஓப்பன்-பேக் வாங்கலாம். அந்த இசைக்கு ஈடு குளோஸ்டு-பேக்கில் கிடைப்பது அபூர்வம். 50-ஐத் தாண்டினால் குளோஸ்டு-பேக். நடுவில் நின்றால் ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.