படிக்காசும் பிடி அரிசியும்



'அடைக்கலம்' என்ற சொல் எமது இலக்கியங்களில் வந்து அமரும் இடங்கள் பல. தசரதன் தன் பிள்ளையை விசுவாமித்திரரின் கையிலே கொடுப்பதைக் கம்பராமாயணம் கையடைப் படலம் என்று பேசுகிறது. வீடணன் கடல் கடந்து வந்து சேர்வதற்கும் அங்கே தனிப் படலமே உண்டு. மணிவாசகர் அடைக்கலப் பத்தென்று ஒரு பதிகமே பாடிவைத்தார். இவற்றை விரித்துரைப்பது தமிழாசிரியனுக்குக் கடினமன்று. கடினமானது வேறொன்று. அதனையே இன்று சொல்ல விழைகிறேன்.

2017 ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பிலே பெரிய புராணம் நடந்துகொண்டிருந்தது. திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலிலே இட்டதும், கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே அவரைச் சேர்த்ததும் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், அப்பரைக் கல்லோட போட்டும் கரை சேர்ந்தார். எங்கட அப்பாவும் தேவாரம் படிக்காமல் ஒருநாளும் சோத்தில கை வைச்சதில்லை. அவர் ஏன் சேர் கரை சேரேல்லை?"

அவளுடைய தந்தை 2009 இலே காணாமற் போனவர். அந்த ஆண்டு பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலும், சில நாட்களின் பின் வவுனியாவிலும் உறவுகளைத் தேடுவோரின் தொடர் போராட்டம் ஆரம்பித்திருந்தது. அவளுடைய தாயாரும் வவுனியாக் கொட்டகையிலே போயிருப்பவர் என்று பின்னர் அறிந்தேன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் அவன் செயல், பிள்ளை" என்றேன். அவள் இருந்துவிட்டாள். மணியும் அடித்தது. பட்டதாரி என்றும் பயிற்றப்பட்டவன் என்றும் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளுகின்ற எனக்கு அன்று கைவசம் இருந்தது அந்த மூன்று சொற்கள்தாம். பொய்யான சொற்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குப் பயன்படும்போது மெய்யான சொல்லும் கெட்டுவிடுகிறது. அன்று தொடக்கம் அந்தக் கேள்வியோடுதான் பெரிய புராணத்தைத் திறக்கிறேன்.

இறைவனிடம் ஒப்புக்கொடுத்தல் என்றால் என்ன? வைணவப் பெரியோர் இதனை இரண்டு விலங்குகளைக் காட்டி விளக்குவர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டிக்கு அந்த வேலையில்லை. தாயே கவ்விச் செல்லும். வடகலையாரும் தென்கலையாரும் இதன்மேல் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். ஷெல் விழுகின்ற வேளையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வன்னித் தாய்மாரைப் பார்த்த எனக்கு, பிள்ளை தாயைப் பற்றியதா தாய் பிள்ளையைப் பற்றினாளா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கைகளுமே இறுகித்தான் இருந்தன.

சைவத்திலே இந்த ஒப்படைப்புக்கு அப்பரையே உதாரணம் காட்டுவது மரபு. தாச மார்க்கம், சரியை என்று அவருக்குரிய நெறியைச் சாத்திரம் வகுத்து வைத்திருக்கிறது. எனக்கோ அவரின் தமக்கையார் திலகவதியார்தாம் முதலில் கண்ணிலே படுகிறார்.

சேக்கிழார் சொல்லும் கதையை எண்ணிப் பாருங்கள். தந்தையார் புகழனார் இறக்கிறார். மாதினியார் அவரைத் தொடர்கிறார். அடுத்து, தமக்கென்று நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார் என்ற செய்தி வருகிறது. திலகவதியார் உயிர்விடத் துணிகிறார். தம்பி காலைப் பிடித்து அழ, அவனுக்காகத் தங்குகிறார். பிறகு அந்தத் தம்பியும் சமண சமயம் புகுந்து தருமசேனர் என்று பெயர் பெற்று, அதே பாதிரிப்புலியூரிலே போயிருக்கிறார். பெற்றோர் இல்லை, கணவராக வரவிருந்தவர் இல்லை, யாருக்காக உயிர் தரித்தாரோ அவரும் இல்லை. இப்படியான பெண்களை எமது கிராமங்களிலே இன்று தேடிப் போக வேண்டியதில்லை. நெடுங்கேணிச் சந்தியிலே பஸ்ஸுக்கு நிற்பவர்களிலே இருவர் மூவர் இருப்பார்கள்.

அந்த அம்மையார் திருவதிகைக்குப் போய் என்ன செய்தார்? விடியமுன் எழுந்து கோயிலைக் கூட்டினார். சாணமிட்டு மெழுகினார். பூக்கொய்து மாலை தொடுத்தார். அவ்வளவுதான். அற்புதம் எதுவும் அவருக்காக நடந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. தம்பிக்காக இறைவனை வேண்டினார். ஆனால் வேண்டுதல் நிறைவேறும் வரையில் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. சூலை நோயோடு தம்பி இரவிலே வந்து அடியில் விழுந்தபோது, திருநீறு கொடுத்து, விடியற்புறத்திலே கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அப்போதும் அவருடைய கையிலே திருவலகு இருக்கிறது! அன்றைய கூட்டும் வேலை தம்பி வந்ததற்காக நிற்கவில்லை. பின்னாளிலே அப்பர் தூக்கிய உழவாரப்படைக்கு மூலம் அந்தத் துடைப்பமே என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. உரையாசிரியர் எவரும் இதற்கு உடன்படாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

இனி, இந்தத் தலைப்பின் முதற்பாதிக்கு வருகிறேன். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்த கதை. சம்பந்தரும் அப்பரும் அவ்வூரில் இருந்தபோது மழை பொய்த்து ஊர் வாடியது. இறைவன் கனவிலே தோன்றி, அடியாரை உண்பிக்க நாள்தோறும் ஆளுக்கொரு காசு தருவதாக அருளினார். கோயிற் பீடத்திலே காசு இருக்கும். அதனைப் படிக்காசு என்பர். இரண்டு திருமடங்களிலும் அந்தக் காசைக் கொண்டு சோறு சமைந்தது.

இதிலே ஒரு சிக்கல் எழுந்தது. அப்பரின் மடத்திலே அடியார்கள் நேரத்தோடு உண்டார்கள். சம்பந்தரின் மடத்திலே பந்தி பிந்தியது. காரணம் விசாரித்தபோது, அப்பர் பெற்ற காசைக் கடைக்காரர் மறுபேச்சின்றி வாங்குகிறார்கள், சம்பந்தர் பெற்ற காசுக்கோ வட்டம் கேட்கிறார்கள் என்று சமையற்காரர் சொன்னார்கள். 'வாசி' என்பது அதற்குரிய பழஞ்சொல். அப்பர் கைத்தொண்டு செய்பவர். ஆதலால் அவருக்கு வாசியில்லாக் காசு என்று சம்பந்தர் உணர்ந்து, பதிகம் பாடி நற்காசு பெற்றார் என்பது புராணம்.

சந்நிதானத்திலே வைக்கப்பட்ட காசைக்கூடக் கடைக்காரன் உரைத்துப் பார்த்து வட்டம் கழிக்கிறான் என்று எழுதத் துணிந்த சேக்கிழாரை நினைத்து நான் வியப்பதுண்டு. பஞ்சத்தைப் பார்த்தவருக்கே அது வரும். அருளும் சந்தைக்குள்ளே வந்துதான் சோறாக வேண்டியிருக்கிறது. இன்னொன்று. இறைவன் ஒரே நாளிலே குதிர் நிறைய நெல்லைக் கொட்டவில்லை, மழையைப் பெய்விக்கவுமில்லை. ஒரு நாளுக்கு ஒரு காசு. நாளைக்கு உண்டா என்பதை நாளைக்குப் போய்ப் பீடத்திலே பார்த்துத்தான் அறிய வேண்டும். நம்பிக்கை என்பதை இதைவிட நுட்பமாக விளக்கிய பகுதி பெரிய புராணத்திலே வேறில்லை என்பது என் எண்ணம்.

நிவாரணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதை இலகுவிலே விளங்கும். 1997 மே மாதத்திலே 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியபோது எனக்கு வயது பதினேழு. நெடுங்கேணியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கமாகப் போனோம். சங்கக்கடை வரிசையிலே கூப்பன் மட்டையோடு நிற்பதற்கு வீட்டிலே நான்தான் ஆள். அரிசி, மா, பருப்பு, சீனி. சிலவேளை ஒன்று இருக்கும், மற்றது இராது. மாவை விற்று அரிசி வாங்கப் போனால் அங்கேயும் வட்டம் கழிப்பார்கள். சம்பந்தரின் சமையற்காரர்களை எனக்கு நேரிலே தெரியும் என்று சொன்னால் மிகையாகாது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். உலைக்கு அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வெற்றுப் பால்மா ரின் ஒன்றுக்குள் போடுவா. பிடி அரிசி. ஊரிலே இருந்தபோது அது மாத முடிவிலே கோயிலுக்குப் போகும். இடம்பெயர்ந்த இடத்திலே கோயில் இல்லை. ஒரு பாலை மரத்தின்கீழ்க் கல்லொன்றை வைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டோம். வெள்ளிக்கிழமைகளிலே அந்த அரிசி பொங்கலாகிப் பக்கத்துக் கொட்டில்களின் பிள்ளைகளுக்குப் போனது.

"எங்களுக்கே காணாது, இதென்னத்துக்கம்மா?" என்று ஒருநாள் கோபித்தேன்.

"தந்ததிலதானே தம்பி எடுக்கிறன்" என்றா. அதற்கு மேல் விளக்கம் இல்லை. அம்மா நாலாம் வகுப்போடு நின்றவ.

ஆயினும் அந்த மாணவியின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒப்படைத்தவர் எல்லோரும் காக்கப்பட்டார்களா? சிலப்பதிகாரம் இதற்கு மழுப்பாமல் முகம் கொடுக்கிறது. அடைக்கலக் காதையிலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைச்சியிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி அதனை எவ்வளவு பேணினாள்! புதுமனை கொடுத்தாள், சமைக்கக் கலம் கொடுத்தாள், மகள் ஐயையைத் துணையாக விட்டாள். ஆனால் கோவலன் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. நடந்ததை அறிந்த மாதரி, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயிலே புகுந்ததையும், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததையும் நீர்ப்படைக் காதையிலே மாடலன் சொல்லக் கேட்கிறோம். பெற்றவரும் தந்தவரும் தவறேதும் செய்யாதிருந்தும் அடைக்கலம் பிழைத்துப்போனது. இளங்கோவடிகள் அதற்கு ஆறுதல் சொல்லி மூடவில்லை. ஊழ் என்ற சொல் அவரிடமும் இருந்தது; என்றாலும் மாதரியின் துயரத்தை அவர் சிறிதாக்கவில்லை. அன்று வகுப்பிலே நான் செய்யத் தவறியது அதுவே.

அந்தக் கண்ணகியே மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் வற்றாப்பளை என்பது எங்கள் வன்னி மக்களின் ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து அதிலே விளக்கெரிப்பார்கள். காக்கப்படாது போன ஒருத்தியிடம்தான் இந்த மண் காப்பைக் கேட்கிறது. கேட்டவர்களிலே பலர், அக்கோயிலிலிருந்து அதிக தூரமில்லாத முள்ளிவாய்க்காலிலே 2009 மேயில் மடிந்தார்கள். அடுத்தடுத்த வைகாசிகளில் எஞ்சியவர்கள் மறுபடியும் பானையோடு அங்கே போனார்கள். தெய்வத்தின் இருப்பிடமும் இங்கே பத்திரமானதன்று. 2023 மார்ச்சிலே எங்கள் ஒலுமடுவின் வெடுக்குநாறி மலையிலே ஆதிலிங்கேசுவரர் கோயில் விக்கிரகங்கள் பெயர்த்தெறியப்பட்டுக் கிடந்தன. நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரே அவை மீள வைக்கப்பட்டன.

2009 ஏப்ரல் 20 ஆம் திகதி மாத்தளன் கரையால் வெளியேறிய சனத்தோடு நாங்களும் வெளியேறினோம். அதற்கு முந்திய வாரங்களிலே பதுங்குகுழிக்குள் கஞ்சிதான். ஒருநாள், பக்கத்துப் பதுங்குகுழிக் கைக்குழந்தைக்கென்று அம்மா அந்த ரின்னைக் கவிழ்த்துக் கொடுத்தா. வீடு போனபோது அழாதவ, மறுநாள் உலை வைக்கையில் விக்கி விக்கி அழுதா. அளந்த அரிசியிலே ஒரு பிடி குறைத்தால் தம்பிக்குக் காணாது என்று, அன்றைக்குத்தான் வாழ்நாளில் முதல்முறையாகப் பிடி எடுக்கவில்லையாம்.

பின்னர் செட்டிகுளம் மெனிக் பாமிலே இருந்தோம். அந்த முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று பெயர்கள் இட்டிருந்தார்கள். தமிழாசிரியனுக்கு அதுவும் ஒரு வேதனை. தொடக்கத்திலே சமைத்த சோற்றுப் பொதி தந்தார்கள். சமைத்த சோற்றிலே பிடி எடுப்பதெப்படி? அம்மா பொதியைப் பிரித்து ஒரு கவளத்தைக் கூடாரத்துக்கு வெளியே காகத்துக்கு வைத்தா.

சில கிழமைகளின் பின் உலர் உணவு என்று அரிசி வந்தது. மூன்று கற்களை அடுக்கி, நான் விறகு தேடிக்கொண்டு வந்தேன். அம்மா சுளகை மடியிலே வைத்தபடி இருந்தா. முகாம் முழுவதும் புகை. ரின் மாத்தளனிலேயே போய்விட்டது. முதற்பிடியை அள்ளிக் கையை மூடிக்கொண்டு, "தம்பி, ஏதும் வெறும் பேணி கிடக்கோ எண்டு பார்" என்றா.