மழை வராமலே மின்னல் வரும் ஊர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான், சொனோரா பாலைவனத்து நகரம். பாலைவனத்தில் இடி மின்னலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அங்கே பருவமழைக் காலம். ஓராண்டு மழையில் பாதிக்குப் பக்கம் அப்போதுதான் பெய்கிறது, பெரும்பாலும் இடியோடு.

எந்த நேரத்தில் பயப்பட வேண்டும்? தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்திருக்கும் நாட்களில், காலை வெயிலில் ஊருக்கு வடக்கே உள்ள சான்டா கேட்டலினா மலை சூடேறும். நண்பகலுக்குள் அதன் உச்சியில் மேகம் காலிஃபிளவர் போலப் பொங்கிவிடும். பிற்பகலில் ஊருக்குள் இறங்கும். ஆகவே மலையேறுவதென்றால் விடியற்காலையில் கிளம்பி, நண்பகலுக்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

தூறல் விழுந்ததும் ஒதுங்கினால் போதாதா? போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாலைவனக் காற்று அவ்வளவு வறண்டது. மேகத்திலிருந்து இறங்கும் மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும் (இதை விர்கா என்பார்கள்). வானத்தில் சாம்பல் நிறத்தில் திரை தொங்கும், உங்கள் சட்டையில் ஒரு சொட்டு படாது. மின்னலுக்கு அந்தத் தடை கிடையாது. மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட அது விழும். 2020 ஜூனில் ஒரு மின்னல் பற்றவைத்த காட்டுத்தீ, அந்த மலையில் ஏறக்குறைய 1,20,000 ஏக்கரை எரித்தது.

அப்படியானால் எதை நம்புவது? காதை. இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள். உள்ளே போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள்.

‘உள்ளே’ என்றால் எது? நான்கு சுவரும், மின்கம்பியும், தண்ணீர்க் குழாயும் உள்ள கட்டடம். பூங்காக்களில் வெயிலுக்குப் போட்டிருக்கும் பக்கச்சுவர் இல்லாத கூரை (அங்கே ரமாடா என்பார்கள்) நிழலுக்கு மட்டுமே உதவும். மரத்தடியும் உயரமான சாகுவாரோ கள்ளியின் பக்கமும் வேண்டவே வேண்டாம். கட்டடம் இல்லையென்றால், உலோகக் கூரையுள்ள காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். காப்பாற்றுவது டயர் ரப்பர் அல்ல, சுற்றியுள்ள உலோகக் கூடு; மின்சாரம் அதன் வெளிப்புறமாகவே தரைக்கு இறங்கிவிடும்.

வீட்டுக்குள் குளிக்கலாமா? இடி நிற்கும் வரை குளியல், பாத்திரம் கழுவுதல் இரண்டையும் தள்ளிப்போடுங்கள். குழாய் வழியாக மின்சாரம் வரலாம். செருகியிருக்கும் கம்பிச் சாதனங்களையும் தொடாதீர்கள். சார்ஜரிலிருந்து எடுத்த கைபேசியால் ஆபத்தில்லை. நீச்சல் குளத்தில் இருந்தால் முதல் இடிக்கே வெளியேறுங்கள். “இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது” என்று சொல்லாத பிள்ளையே கிடையாது, கேட்காதீர்கள்.

மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால்? முகட்டை விட்டு இறங்குங்கள், ஆனால் வறண்ட ஓடைக்குள் இறங்காதீர்கள். எங்கோ மலைமேல் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக அதில் பாய்ந்து வரும். கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, காரை நோக்கி நடையைக் கட்டுங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் பாயுமா? பாயாது. அவர் உடலில் மின்சாரம் தங்காது. 911-ஐ அழையுங்கள், மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி (சி.பி.ஆர்.) தொடங்குங்கள். தாக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.