குட்டி யானைக்கு நாற்பதடி வால்

கடையில் கம்பியின் நீளம் 40 அடி. குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் தொட்டி 7 அடி. மீதி 33 அடிக்கு நம் ஊரில் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. நடுவில் மடித்து 20 அடியாக்குகிறார்கள். கேபினின் பக்கவாட்டில் கண்ணாடியை உரசிக்கொண்டு முன்னால் கொஞ்சமும் பின்னால் நிறையவுமாக நீட்டிவிடுகிறார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள், நுனி தார்ச்சாலையில் இழுபட்டுத் தீப்பொறி பறக்க அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். எப்படி ஏற்றினாலும் கடைசியில் ஒரு சிவப்புத் துணி மட்டும் மறக்காமல் கட்டப்படுகிறது.

ஆடி முடிந்து வீடு கட்டும் சீசன் தொடங்கிவிட்டது, சின்ன வண்டியில் நீளமான சாமான் ஏற்றுவதைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். ஏணி, பைப், சவுக்குக் கம்பு, பந்தல் மூங்கில் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்துக் கம்பிக் கடை ஒன்றின் வாசலில் நின்ற பிறகு மற்றதில் மனம் ஒட்டவில்லை.

அங்கே கணக்கெல்லாம் கட்டுக் கணக்குதான். 8 மில்லிமீட்டர் என்றால் கட்டுக்கு 10 கம்பி, 10 மில்லிமீட்டருக்கு 7, 12 மில்லிமீட்டருக்கு 5. எந்தக் கட்டானாலும் எடை 50 கிலோவை ஒட்டி வரும். பத்துக் கட்டு ஏறினால் அரை டன்.

“இந்த வண்டியில எவ்வளவு ஏத்தலாம் அண்ணே?”

“கணக்குக்கு எழுநூத்தம்பது கிலோ சார்.”

“கணக்குக்கு வெளியே?”

ஓட்டுநர் சிரித்தார். “எடையில ஒண்ணும் இல்ல சார். ஒரு டன்னு நெல்லு மூட்டை ஏத்துனா வண்டி அடங்கிப் போகும். அரை டன்னு கம்பி ஏத்திப் பாருங்க, ஸ்டியரிங் கையில நிக்காது. மேடு ஏறுறப்ப முன்பக்கம் மிதக்கும்.”

மிதப்பதற்குக் காரணம் எளிய நெம்புகோல்தான். சீசா பலகையின் நடுக்கட்டை மாதிரி இங்கே பின் அச்சு. மூட்டைச் சுமையின் மையம் இரண்டு அச்சுகளுக்கு இடையில் விழும். மடித்த கம்பியின் மையமோ பின் அச்சைத் தாண்டிப் போய் விழுகிறது. இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.1 மீட்டர்தான். அரை டன் கம்பியின் மையம் பின் அச்சுக்கு ஒரே ஒரு மீட்டர் பின்னால் இருந்தாலும், முன்சக்கரங்களின் மேல் இருக்க வேண்டிய பாரத்தில் ஏறத்தாழ 240 கிலோ கழன்றுவிடும். வண்டியின் சொந்த எடையே எண்ணூறு கிலோவைச் சுற்றித்தான். திருப்புவதும் முன்சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கு பிடிப்பதும் முன்சக்கரம். மழை பெய்த சாலையில், வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போது, அந்த ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறாரா, வண்டி போகிற போக்கில் கூடப் போகிறாரா என்று கேட்டால் அவரே பதில் சொல்ல மாட்டார்.

பிரேக் அடித்தால் இன்னொரு சங்கதி உண்டு. கம்பி மேல் கம்பி நன்றாக வழுக்கும். வண்டி நின்றுவிடும், கட்டு நிற்காது. கேபினின் பின்பக்கத் தகடு மெல்லிசு, அதற்கு மேல் கண்ணாடி. முன்பக்கம் சரிந்து வரும் சுமையில் எடையின் 80 சதவீத விசையைத் தாங்குகிற மாதிரி கட்டியிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. நாம் பார்த்த வண்டியில் அந்தப் பொறுப்பு ஒற்றை நைலான் கயிற்றிடம் இருந்தது. கம்பியின் முறுக்கு வரிகள் அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தன. கயிறு தொட்ட இடத்தில் பிசிறு பிசிறாக வெள்ளை நூல் எழும்பி நின்றது, வண்டி இன்னும் கடையை விட்டே கிளம்பவில்லை.

ஆனாலும் ஓட்டுநருக்கு ஸ்டியரிங் கையில் இருக்கிறது, என்ன ஏற்றினோம் என்று தெரியும். எதுவுமே தெரியாமல் பின்னால் பைக்கில் வருகிறவரை நினைத்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கம்பியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நீளம் தெரியும். நேர் பின்னாலிருந்து பார்த்தால் அது 12 மில்லிமீட்டர் புள்ளி. இருட்டில் அந்தப் புள்ளியும் இல்லை. பைக்காரரின் கண் வண்டியின் டெயில் லேம்ப்பைத்தான் பிடிக்கும். அதுதான் முன்னால் போகும் வண்டியின் முடிவு என்று மனசு கணக்குப் போட்டு இடைவெளி விட்டுக்கொள்ளும். உண்மையில் வண்டியின் முடிவு அந்த விளக்குக்குப் பத்துப் பதின்மூன்று அடி இந்தப் பக்கம், அவர் நெஞ்சு உயரத்தில் நீண்டுகொண்டிருக்கிறது. கம்பி நீள நீள நுனி தொங்கும், குழியில் விழுந்தால் துள்ளும். இடைவெளி போதும் என்று அவர் நம்புவதில் தப்பே இல்லை. அவர் பார்த்த விளக்கு அவருக்குத் தப்பான சேதி சொல்லிவிட்டது.

திருப்பம் இதைவிட மோசம். பின் அச்சைத் தாண்டி 13 அடி நீண்ட சுமையோடு வண்டி வலப்பக்கம் யு-டர்ன் அடிக்கும்போது, வால் இடப்பக்கம் நான்கைந்து அடி வெளியே வீசும். நம் ஊரில் பைக்கும் சைக்கிளும் இடது ஓரமாகத்தான் போகின்றன. முன்னால் போகிற வண்டி வலப்பக்கம் திரும்புகிறது, நமக்கு வழி கிடைத்தது என்று இடப்பக்கம் புகுந்து போவதும் நம் வழக்கம். சரியாக அந்த இடத்துக்குத்தான் கம்பி வந்து சேர்கிறது. ஓட்டுநருக்கு அது கண்ணாடியில் தெரியாது. அவர் பார்வை முழுக்க வலப்பக்கம் எதிரே வரும் வண்டி மேல் இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் சிவப்புத் துணியைக் காட்டுவார்கள். பழைய சேலைக் கிழிசல், கட்சிக் கொடியில் வெட்டிய துண்டு, ஜவுளிக்கடைப் பை, எது கிடைக்கிறதோ அது. பகலில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் இருட்டத் தொடங்கும்போது நம் கண்ணுக்கு முதலில் கருத்துப்போகிற நிறம் சிவப்பு. சந்தேகமிருந்தால் இன்று சாயங்காலம் ஆறரை மணிக்குத் தோட்டத்துச் செம்பருத்தியைப் பாருங்கள். இலையின் பச்சை இன்னும் தெரிந்துகொண்டிருக்கும், பூ கறுத்திருக்கும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே சிவப்பு என்பது பழுப்பு. அதிலும் வண்டி ஓடும்போது துணி கம்பியோடு சுருண்டு திரியாகிவிடும். கட்டியவருக்கு மனநிம்மதி தருகிற அளவுக்கு அது பார்ப்பவருக்கு எதுவும் தருவதில்லை.

ராத்திரியில் டீக்கடை ஓரம் இப்படி ஒரு வண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இஞ்சின் நிறுத்தியாயிற்று, விளக்கு அணைத்தாயிற்று, பேட்டரி மிச்சம். சாலை ஓரத்து இருட்டில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடுகிற வண்டியாவது சத்தம் போடும். இதற்கு அதுவும் கிடையாது. இத்தனைக்கும் பார்க்கிங் லைட் என்று ஒன்று எல்லா வண்டியிலும் இருக்கிறது. நிறுத்துகிறவர்கள் பாதிப் பேர் அதன் சுவிட்சைத் தொட்டதே இல்லை என்று சந்தேகப்படுகிறேன்.

“துணி கட்டிட்டா போலீஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்” என்றார் கடையில் நின்ற இன்னொரு ஓட்டுநர். இது பரவலான நம்பிக்கை. பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று விதி இருந்த காலத்தின் மிச்சம் அது. அந்தச் சலுகை 2014இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி, சுமை பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ அனுமதித்த அளவுக்கு வெளியே நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். நீட்டிய சுமையை இறக்கும் செலவும் தனி. ஒரு நடைக்கு வாடகை எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையின் கனம் புரியும்.

நான் மாட்டேன் என்றால் அடுத்த வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போவார், அவரும் மறுத்தால் மீன்பாடி வண்டி இருக்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. மடித்து நிமிர்த்திய கம்பி பலம் குறையும், அதனால் நீளமாகவே கொண்டுவரச் சொல்கிறோம் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். மடித்த இடத்தைத் தட்டி நிமிர்த்தினால் கம்பிக்குக் கேடு என்பதில் சண்டையில்லை.

என் கேள்வி வேறு. நாற்பதடியாக வந்து இறங்கும் கம்பியை மறுநாள் காலையில் கம்பி கட்டும் மேஸ்திரி என்ன செய்கிறார்? வெட்டுகிறார். ஒரு தளத்துத் தூணுக்கு 10 அடி உயரம், மேல்கம்பியோடு சேர்த்துக் கட்ட லேப்பிங் 2 அடி, ஆக 12 அடி. நாற்பதடியில் மூன்று துண்டு போக நான்கடி மிச்சம், அது வேறெதற்காவது ஆகும். அஸ்திவாரத்துக் கூடைக்கு நான்கைந்து அடித் துண்டு. தளத்துக்கு அறையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. பெரிய பீமுக்குத்தான் முழு நீளம் உண்மையில் தேவைப்படும். வீட்டு வாசலில் வெட்டப்போகிற கம்பியை, ஊர் நடுவே நீட்டிக்கொண்டு வந்து வெட்டுவானேன்? கடையிலேயே கட்டிங் மெஷின் இருக்கிறது. மேஸ்திரி எழுதித் தருகிற அளவுச் சீட்டை முதல் நாளே கொடுத்தால் ஆயிற்று. பெரிய கட்டடக்காரர்கள் அளவுபடி வெட்டி வளைத்த கம்பியையே ஆர்டர் செய்கிறார்கள். ஒரே வீடு கட்டுகிற நாம்தான் முழுக்கம்பியாக இறங்கினால்தான் எடை சரியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.

வெட்டினால் சேதாரம் என்பார்கள். பார்க்கலாம். பீமுக்கான 12 மில்லிமீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, தளத்தில் மறுபடி லேப்பிங் போட்டுச் சேர்த்தால் கூடுதலாகச் செலவாவது 2 அடி. எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். லேப்பிங் எல்லாம் ஒரே இடத்தில் விழாமல் தள்ளித் தள்ளிப் போடுவது மேஸ்திரிக்குத் தெரிந்த வேலை. மற்ற துண்டுகளுக்கு அந்த அரை கிலோவும் இல்லை.

12 அடித் துண்டில் இன்னொரு வசதி. குட்டி யானையின் மொத்த நீளமே பன்னிரண்டரை அடிதான். ஒரு முனையைப் பின்கதவின் அடியில் ஊன்றி, மறுமுனையைக் கேபினுக்கு மேல் அடித்த இரும்புச் சட்டத்தில் சாய்த்தால், முன்னாலும் பின்னாலும் துளி நீட்டாமல் அடங்கிவிடும். எடை மேலே ஏறுவதால் வளைவுகளில் வண்டி சாய்வு கொடுக்கும். அதனால் ஒரு நடைக்கு ஐந்தாறு கட்டோடு நிறுத்திக்கொண்டு இரண்டு நடையாக அடிப்பது நல்லது. ஒன்பதடித் தொட்டி உள்ள பெரிய பிக்கப் கிடைத்தால் அந்தக் கவலை பாதி குறையும்.

கட்டுவதில் ஒரு விஷயம் பெரும்பாலும் தவறுகிறது. கயிற்றைச் சுமைக்கு மேலாகக் குறுக்கே போட்டு இழுத்தால் கட்டு துள்ளாது, ஆனால் நீளவாக்கில் நழுவும். கட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி, இறுக்கிப் பிடித்த பிறகே கயிறு கொக்கிக்குப் போக வேண்டும். கயிறு கம்பியைத் தொடும் இடத்தில் பழைய டியூப் துண்டு வைத்தால் அறுபடாது. அதே டியூப்பைத் தொட்டியின் தரையிலும் விரித்தால் வழுக்கல் குறையும். கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். குலுக்கலில் கட்டு படிந்து, இறுக்கமாக இருந்த கயிறு தளர்ந்து தொங்கும்.

பைப்புக்கும் இதே கதைதான், எடை மட்டும் குறைவு. 20 அடி பைப்புக்குப் பதில் 10 அடி பைப் கேட்டாலே கடையில் கிடைக்கும். பெரிய பைப்புக்குள் சின்னதைச் செருகி ஏற்றுகிறவர்கள் வாயைச் சாக்கு வைத்துக் கட்டாவிட்டால், கிளட்ச்சை விட்டதும் உள்ளே இருப்பது பின்னால் வருபவரை நோக்கிப் புறப்படும். சவுக்கு, மூங்கில் என்றால் கனமான அடிப்பக்கம் கேபின் பக்கம், நுனி பின்பக்கம். கடலூர், மரக்காணம் பக்கத்து லோடுமேன்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்படியும் நீட்டித்தான் கொண்டுபோவேன் என்கிற பிடிவாதக்காரர்களும் இருப்பார்கள். துணிக்குப் பதிலாக நுனிகளைச் சேர்த்து ஒரு காலி பெயிண்ட் வாளிக்குள் விட்டுக் கட்டி, வாளியின் அடியில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டட்டும். புள்ளி ஓரடி வட்டமாகும், ஹெட்லைட் பட்டால் மின்னும். சட்டம் இதை ஏற்காது. பின்னால் வருபவருக்கு ஒரு விநாடி கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

வெட்டுக்கூலி யார் தருவது என்பதில்தான் கடையில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் தரட்டும் என்றார் கடைக்காரர், வீட்டுக்காரர் தரட்டும் என்றார் வண்டிக்காரர். வீடு கட்டுகிறவர், ஏற்கெனவே சிமென்ட் விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தவர், “மாட்டுனா ஃபைன் கட்டப்போறது டிரைவர்தானே, எனக்கென்ன தம்பி?” என்றார். அவருக்காகச் சட்டத்தின் அந்தப் பிரிவை மறுபடி படித்துப் பார்த்தேன். நீட்டிய சுமையோடு வண்டியை ஓட்டுபவர் என்று மட்டும் அதில் இல்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் இருக்கிறது.